கலைக்களஞ்சியமும் கடற்றொழிலாளரும்
(தூத்துக்குடியில் கூட்டுறவுச் சங்க அங்கத்தினரிடையே கூட்டுறவு இன்ஸ்பெக்டர் ஒருவர் நிகழ்த்திய பிரசங்கம்)



சங்க வாசகசாலைக்குக் கலைக்களஞ்சியம் வாங்கலாமென்று யான் கூறியபொழுது, "சங்கு குளிக்கிறவனுக்கு இவ்வளவு பெரிய புஸ்தகம் எதற்கு, ஐயா?" என்று பெரியவர் ஒருவர் வினவினார். நியாயமான வினாவே. பணம் தங்களுடையது, விடை கூறுதல் என் கடமை.

முற்காலத்துக் குளியாட்கள் கல்லின் துணையால் மூழ்கி, மூச்சு முட்டுமுன் மேலேறினர். இக்காலத்தவரோ தோணியிலுள்ள கம்ப்ரசர் இயந்திரம் குழாய் வழியே அனுப்பும் காற்றைச் சுவாசித்து நெடுநேரம் கடலடியில் தங்குகின்றனர். கரையேறியபின் மூட்டுகளில் வலி காண்கிறது. சிலருக்குக் கால்களே விழுந்துவிடுகின்றன. இதனை வாதமென்று எண்ணித் தைலம் தடவிக்கொண்டிருந்த இல்லங்களை யான் கண்டதுண்டு.

என்சைக்ளோபீடியா பிரிட்டானிகாவின் 1911-ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே இந்நோய்க்குத் தனித் தலைப்பு இருக்கிறது. ஆற்றின் அடியில், அழுத்திய காற்று நிரம்பிய பெட்டிக்குள்ளிருந்து பாலத்திற்கு அஸ்திவாரமிட்ட கூலியாட்களை இது பீடித்தமையால், அப்பெட்டியின் பெயரே நோய்க்கு வழங்கிற்று. எங்கோ பாலம் கட்டியவன் பட்ட துன்பம் நம் குளியாளுக்குப் பாடமாகிறதன்றோ? 10 மீட்டர் ஆழத்திற்கு ஒரு வளிமண்டல அழுத்தம் வீதம் கூடக்கூட, சுவாசிக்கும் காற்றின் நைட்ரஜன் இரத்தத்தில் மிகுதியாய்க் கரையும். விரைந்து மேலேறினால், சோடாப் புட்டியைத் திறந்தாற்போல் அது குமிழிகளாகப் பொங்கி மூட்டையும் நரம்பையும் தாக்கும். இடையிடையே நின்று ஏறுவதற்குரிய கணக்கை ஹால்டேன் என்னும் அறிஞர் 1908-இல் வெளியிட்டார்.

நூல் வைத்தியராகாது. வலி கண்டவரை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்க. மறுபடி கடலில் இறக்கிப் பார்ப்பது ஆபத்து.

தமிழில், ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி 1910-இல் வெளிவந்தது. புராண, இலக்கியப் பெயர்களுக்கு அது நல்ல துணை. பெ. தூரன் ஆசிரியராயிருக்க, தமிழ் வளர்ச்சிக் கழகத்தார் 1954 முதல் 1968 வரை கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாக வெளியிட்டனர். விலை கொடுக்க மனமில்லாவிடின், அதனைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இலவசமாகவே வாசிக்கலாம். எந்நூலாயினும் அச்சான ஆண்டை முதலிற் பார்த்தல் வேண்டும். நமது பார்களில் 1961-உடன் முத்துக்குளிப்பு நின்றுபோனதை, அதற்கு முன் அச்சான நூல் எவ்வாறு அறியும்?

வாங்குவதா வேண்டாமா என்பதைப் பொதுக்கூட்டம் முடிவு செய்யட்டும். வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை, இந்நோயைப் பற்றிய பகுதியைத் தமிழில் எழுதிவந்து சங்கக் கட்டிடத்தில் வாசிப்பேன். கம்ப்ரசர் தோணிக்காரர்கள் தங்கள் குளியாட்களையும் அழைத்துக்கொண்டு தவறாது வருமாறு வேண்டுகிறேன்.