கடலியல் அறிஞர் பணிக்கர்



கடலைப் பற்றிய பேச்சு நமக்கு எதற்கு என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். பாப்பாரப்பட்டியில் நின்று நோக்கினால் மலையும் மானாவாரிக் கொல்லையும் தெரியுமேயன்றி அலை தெரியாது. ஆயினும் நம் கொல்லையில் விழும் மழை கடலிலிருந்து எழுந்து வருவது. ஒகேனக்கலில் நாம் காணும் காவிரி கடலை நோக்கிச் செல்வது. நன்னீரும் உவர்நீரும் கலக்கும் அந்த இடத்தைப் பற்றிய ஒரு கேள்வியுடன் தம் ஆராய்ச்சியைத் தொடங்கி, ஒரு மாக்கடலையே ஆராயும் நிலையத்தை நம் நாட்டில் உருவாக்கியவர் டாக்டர் என். கேசவ பணிக்கர். அப்பெரியாரைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

பணிக்கர் 1913-ஆம் ஆண்டில் கோட்டயத்தில் பிறந்தார். சென்னையில் விலங்கியல் கற்றபின் இங்கிலாந்து சென்று, பிளிமத் நகரிலுள்ள கடலுயிர் ஆராய்ச்சி நிலையத்தில் ஆய்வு செய்தார். அவர் அங்கே எடுத்துக்கொண்ட பொருள் திமிங்கிலமன்று, சுறாவுமன்று, சிறிய இறால்.

அவர் எழுப்பிய கேள்வியை நம் வீட்டுச் சமையலறையிலிருந்தே விளக்கலாம். நறுக்கிய மாங்காயில் உப்பிட்டு வைத்தால், சிறிது நேரத்தில் அது நீர் விட்டுக்கொள்கிறது. உலர்ந்த திராட்சையை நன்னீரில் இட்டால், அது நீரை உறிஞ்சிப் பருக்கிறது. உப்பு மிகுந்த பக்கத்தை நோக்கி நீர் செல்லுதல் இயற்கை. அவ்வாறாயின், 1 கிலோகிராம் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புக் கலந்துள்ள கடலில் இறால் ஏன் வற்றிப் போவதில்லை? ஆற்று நீர் கலந்த கழிமுகத்திற்கு வந்தால் ஏன் உப்பி மடிவதில்லை?

கடலில் வாழும் முதுகெலும்பில்லா உயிர்கள் பெரும்பாலானவற்றின் குருதியில் உப்பின் செறிவு கடல்நீரின் செறிவை ஒத்திருக்கும். வெளிநீர் மாறினால் அவற்றின் குருதியும் மாறிவிடும். ஆனால், பணிக்கர் ஆராய்ந்த இறால் வகைகள் அத்தகையன அல்ல. கடல்நீரில் இருக்கும்போது அவற்றின் குருதி கடலைவிட உப்புக் குறைந்ததாக உள்ளது. உப்புக் குறைந்த நீருக்கு வந்தால், அந்நீரைவிட உப்பு மிகுந்ததாக நிற்கிறது. புறத்தே எவ்வளவு மாறினும் அகத்தே ஓர் அளவைக் காத்துக்கொள்ளும் ஆற்றல் அச்சிற்றுயிருக்கு உண்டு. வெப்பம் மிகுந்த நீரில் இவ்வாற்றல் எளிதாகிறது என்றும், வெப்ப நாடுகளின் கழிமுகங்களில் இத்தகைய உயிர்கள் பல்கியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம் என்றும் பணிக்கர் கருதினார். இக்கட்டுரைகள் 1940, 1941-ஆம் ஆண்டுகளில், உலகப் போரின் நடுவே வெளிவந்தன.

இதனால் ஏழை மீனவனுக்கு என்ன பயன் என்று கேட்பீர்கள். நம் கடற்கரையில் மிகுதியாகப் பிடிபடும் இறால் வகைகள் பல கடலில் முட்டையிடுகின்றன. அவற்றின் இளங்குஞ்சுகள் கழிமுகங்களையும் காயல்களையும் அடைந்து, அங்கே இரை தேடி வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. ஆகவே, காயலின் வாயை அடைத்தாலோ, அதன் நீரைக் கெடுத்தாலோ கடலில் வீசும் வலை வெறுமையாகும். கடலிற் கலக்கும் நன்னீர் வீணே என்று சொல்பவர்கள் இந்த உண்மையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நாடு விடுதலை பெற்ற 1947-ஆம் ஆண்டில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பெற்றது. 1949-இல் அது இராமநாதபுரம் கடற்கரையிலுள்ள மண்டபம் முகாமுக்கு மாறியது. இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் சென்ற நம் ஏழை மக்களை நோய்த்தடுப்புக்காக நிறுத்தி வைத்த இடமே மண்டபம் முகாம். துயரத்தோடு கடல் கடக்கக் காத்திருந்த அவ்விடத்திற்கு இப்போது கடலை அறியும் இளைஞர் வந்து சேர்ந்தனர். 1951 முதல் 1957 வரை அந்நிலையத்தின் தலைமைப் பொறுப்பைப் பணிக்கர் வகித்தார். இந்திய இறால் மீன்பிடிப்புப் பற்றி மேனன் என்னும் ஆய்வாளருடன் அவர் எழுதி 1956-இல் வெளியான கட்டுரை, பின்வந்தோர் பலருக்கு அடிப்படையாயிற்று.

அதன்பின் வந்தது பெரும்பணி. உலகின் கடற்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கான இந்துமாக்கடல் அந்நாளில் மிகக் குறைவாகவே ஆராயப்பட்டிருந்தது. 1959 முதல் 1965 வரை நடைபெற்ற பன்னாட்டு இந்துமாக்கடல் ஆய்வில் நாற்பதுக்கும் மேற்பட்ட கப்பல்கள் ஈடுபட்டன. நம் கடற்படையின் கிஸ்த்னா கப்பலும் அவற்றுள் ஒன்று. பருவக்காற்றை ஆராயப் பம்பாயில் ஒரு வானிலை மையமும், வலையில் அள்ளிய மிதவை உயிர்களைப் பிரித்தாராயக் கொச்சியில் ஓர் உயிரியல் மையமும் அமைந்தன. இந்தியாவின் பங்கை ஒருங்கிணைக்கும் பொறுப்பு பணிக்கரிடம் இருந்தது. அம்முயற்சியின் கனியாக 1966 சனவரி 1-ஆம் நாள் தேசியக் கடலியல் நிறுவனம் பிறந்தது. இன்று கோவாவைத் தலைமையிடமாகக் கொண்டுள்ள அந்நிறுவனத்தின் முதல் இயக்குநர் பணிக்கரே. பிற்காலத்தில் கொச்சிப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் விளங்கி, 1977-இல் மறைந்தார்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. இறாலின் குருதியை அத்துணை நுட்பமாக ஆராய்ந்த ஒருவர் கோப்புகளுக்கும் கூட்டங்களுக்கும் தம் காலத்தைச் செலவிட்டது அறிவியலுக்கு இழப்பன்றோ? இழப்புத்தான், மறுப்பதற்கில்லை. ஆசிரியன் தலைமையாசிரியனானால், கரும்பலகை முன் நிற்கும் நேரம் குறைந்துவிடுகிறது. அக்குறையை நானும் நெடுநாள் உணர்ந்தவன். ஆயினும் பள்ளிக்குக் கூரை வேண்டும், நூலகம் வேண்டும், பிள்ளைகள் வந்து அமர இடம் வேண்டும். அதனை ஒருவர் செய்தால்தான் பலர் கற்க முடியும். பணிக்கர் தம் கையால் எழுதியிருக்கக்கூடிய சில கட்டுரைகள் எழுதப்படாமற் போயிருக்கலாம். ஆனால் அவர் வளர்த்த நிலையங்களில் அமர்ந்து பிறர் எழுதியவை எண்ணில.

மாணவர்களே, கடற்கரையில் பிறந்தவர்களுக்கே கடலியல் உரியதென்று கருதிவிடாதீர்கள். கடலை ஆராய இயற்பியலும் வேண்டும், வேதியியலும் வேண்டும், கணிதமும் வேண்டும். அவற்றை நம் ஊர்ப் பள்ளியிலேயே தொடங்கலாம். மழை பொய்த்தால் வாடும் நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு, அம்மழையின் தாயகத்தை அறியும் உரிமை சற்றுக் கூடுதலாகவே உண்டு. பெரிய பொருளைக் கண்டு மலைக்க வேண்டா. மாங்காயில் உப்பிட்டால் நீர் ஏன் வருகிறது என்று கேட்டு, விடை தெளியும் வரை விடாதிருங்கள்.