ஊர்க் கல்லூரியும் நம் பிள்ளைகளும்



பல்கலைக்கழகம் புகாத பிள்ளை பாழாயினான் என எண்ணுவோர் நம்மிடையே இன்னும் உளர். யாழ்ப்பாணத் தொழில்நுட்பக் கல்லூரிக்கு வீட்டிலிருந்தே சென்று வரலாம். கொழும்பிலே அறை வாடகை இறுக்கவேண்டியதில்லை. மாலை இறைப்புக்குத் தகப்பனுக்குத் துணையும் உண்டு. கமக்காரனுக்கு இஃது அற்ப நன்மையன்று!

குறையையும் மறைக்கேன். தேசிய தொழிற் தகைமைக்கு 7 மட்டங்கள் உள. 4 வரை சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டம். ஊரிலே கற்கும் பாடநெறி 4 ஆம் மட்டத்தோடு நின்றுவிடின், மேலே கற்கப் பிள்ளை மீண்டும் பெட்டி கட்ட நேரலாம். மேல்மட்டப் பாடநெறிகளை இங்கேயே நடத்துமாறு அரசைக் கேட்பது நமது உரிமை; சலுகையன்று.

அதுவரை, சேருமுன் கேளுங்கள்: இப்பாடநெறி எம்மட்டம்? இயந்திரங்கள் உளவா? போதனாசிரியர் உளரா? மறுமொழியை எழுத்திலே பெற்றுக்கொள்ளுங்கள். பின்னர் முறையிட நேரின் அக்கடிதம் வேண்டும்.