தாய் மான் எங்கே போனது?



கரமனை ஆறு உங்கள் எல்லோருக்கும் தெரியும். அது எங்கே பிறக்கிறது, தெரியுமா? கிழக்கே, அகத்தியர் மலைப் பக்கத்துக் காட்டில் பிறக்கிறது. 68 கிலோமீட்டர் ஓடிக் கடலில் சேர்கிறது. வழியில் பேப்பாறை அணை இருக்கிறது. அணையைச் சுற்றியுள்ள காடு 1983 முதல் வனவிலங்குச் சரணாலயம்.

அந்தக் காட்டில் மிளா வாழ்கிறது. கடமான் என்றும் இதைச் சொல்வார்கள். இந்தியாவின் மான்களில் இதுதான் பெரியது.

இணை சேரும் காலத்தில் ஆண் மிளாக்கள் கொம்போடு கொம்பு மோதும். பெண் மிளாவுக்குக் கொம்பு கிடையாது. அதன் பக்கத்தில் முன்பு பிறந்த குட்டி நிற்கும். ஆண் வரும், பிறகு போய்விடும். குட்டியை வளர்ப்பதில் அதற்குப் பங்கு இல்லை. எல்லாம் தாயின் வேலைதான். மிளாக் குட்டி இரண்டு வருடம் வரைகூடத் தாயோடு இருப்பது உண்டு.

பெண் மிளா சுமார் 8 மாதம் சினையாக இருக்கும். பெரும்பாலும் ஒரு குட்டிதான் போடும். மான் இனத்தில் பிறந்த குட்டியைத் தாய் நக்கிச் சுத்தம் செய்யும். பால் கொடுக்கும். பிறகு குட்டி புதரில் படுத்துக்கொள்ளும். தாய் விலகிப் போய் மேயும்.

பச்சைக் குட்டியைத் தாய் தனியே விடலாமா? இது அன்பு இல்லாத செயலா?

இல்லை. காட்டில் புலி, சிறுத்தை, செந்நாய் உண்டு. தாயின் உடம்பில் வாசனை அதிகம். குட்டியிடம் வாசனை மிகக் குறைவு. தாய் பக்கத்திலேயே நின்றால் எதிரி எளிதாகக் கண்டுபிடித்துவிடும். அதனால்தான் தாய் தள்ளி நிற்கிறது. பால் கொடுக்கும் நேரத்தில் மட்டும் வந்து போகிறது. தாய் வரும்வரை குட்டி அசையாமல் கிடக்கும். தள்ளி நிற்பதே தாய் குட்டியைக் காக்கும் வழி.

பேப்பாறைக்கும் பொன்முடிக்கும் போகிறவர்கள் உண்டு. விறகு பொறுக்கப் போகிறவர்களும் உண்டு. புதரில் ஒரு மான் குட்டி தனியே கிடக்கிறது. பார்ப்பவர் மனம் இரங்குகிறது. "ஐயோ, தாய் இல்லாத குட்டி!" என்று தூக்கி வருகிறார். மாட்டுப் பால் கொடுக்கிறார். அங்கே தாய் திரும்பி வருகிறது. குட்டியைக் காணாமல் தேடுகிறது. நல்ல மனதோடு செய்த காரியம்தான். ஆனால் அது தாயையும் குட்டியையும் பிரித்துவிட்டது.

காட்டு மானைப் பிடிப்பது குற்றம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதைத் தடுக்கிறது.

அப்படியானால் என்ன செய்ய வேண்டும்?

குட்டியைத் தொடாதீர்கள். அங்கே கூட்டம் கூடாதீர்கள். ஆள் நின்றால் தாய் கிட்டே வராது. நாயைக் காட்டுக்குள் கூட்டிப் போகாதீர்கள். குட்டிக்குக் காயம் இருந்தாலோ, தாய் செத்துக் கிடந்தாலோ வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

வேலைக்குப் போகும் தாய் குழந்தையைத் தூங்க வைத்துவிட்டுப் போகிறாள். அவள் குழந்தையைக் கைவிட்டாள் என்று யாராவது சொல்வார்களா? தாய் மானும் அப்படித்தான். அது திரும்பி வரும்.