கேழ்வரகுக் கஞ்சியும் மால்ட் விஸ்கியும்

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் மாலைக் கூட்டத்தில், பி பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் பேசியதன் எழுத்து வடிவம்.)



தலைப்பை நோட்டீஸ் போர்டில் பார்த்துவிட்டு இரண்டு பேர் செயலாளரிடம் புகார் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். "திருத்தணி முருகன் பக்கத்திலேயே இருக்கிறான், இங்கே சாராயப் பேச்சா?" என்று கேட்டார்களாம். நியாயமான கேள்விதான். நான் இதுவரை ஒரு சொட்டு குடித்தவன் இல்லை. ஆனால் சென்ற ஆண்டு இந்த விஷயத்தைப் படிக்க வேண்டிய கட்டாயம் எங்கள் குடும்பத்தில் வந்தது. அது என்ன என்று பிறகு சொல்கிறேன். முதலில் பாடம்.

உங்கள் வீட்டில் குழந்தைக்குக் கேழ்வரகை ஊறவைத்து, துணியில் கட்டி, முளை விட்டதும் காயவைத்து அரைத்திருப்பீர்கள். அந்த மாவில் கஞ்சி காய்ச்சினால் சாதாரண மாவுக் கஞ்சியைவிட நீர்த்து, கொஞ்சம் இனிப்பாக வரும். காரணம் என்ன? முளைக்கும் தானியம் தன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்க நொதிகளைத் தயாரிக்கிறது. முளையை வளரவிடாமல் உலர்த்தினால் நொதிகள் அப்படியே நின்றுவிடும். இதுதான் மால்ட். கடையில் "ராகி மால்ட்" என்று எழுதியிருக்கிறதே, அதே மால்ட். கேழ்வரகுக்குப் பதில் பார்லி, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தப் பார்லி மால்ட்டை நொறுக்கி, சுமார் 65 டிகிரி சூட்டுத் தண்ணீரில் ஊறவைத்தால் நொதிகள் மறுபடி வேலை செய்து மாவைச் சர்க்கரையாக்கும். தண்ணீர் கொதித்தால் நொதி செத்துவிடும், அதனால்தான் 65. வடித்தெடுத்த இனிப்பு நீரில் ஈஸ்ட் சேர்த்தால் சில நாட்களில் பீர் மாதிரி ஒன்று கிடைக்கும். அதில் 7, 8 சதவீதம் ஆல்கஹால் இருக்கும். போலீஸ் செய்தியில் "ஊறல் அழிப்பு" என்று படிக்கிறோமே, அந்த ஊறலும் நொதித்தல் அளவில் இதே நிலைதான்.

அடுத்தது காய்ச்சி வடித்தல். பத்தாம் வகுப்பில் படித்ததுதான். ஆல்கஹால் 78 டிகிரியில் கொதிக்கும், தண்ணீர் 100-ல். செம்புக் கொப்பரையில் இரண்டு முறை வடிக்கிறார்கள். செம்பு அழகுக்காக அல்ல, கந்தக வாடை தரும் சேர்மங்களை அது பிடித்துக்கொள்ளும். இரண்டாம் முறை வடிக்கும்போது முதலில் வருவதை ஒதுக்கிவிடுவார்கள், கடைசியில் வருவதையும் ஒதுக்குவார்கள். நடுப்பகுதி மட்டும் பீப்பாய்க்குப் போகும். எந்த நிமிடத்தில் குழாயைத் திருப்புவது என்பதில்தான் ஆளின் கைவண்ணம்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைத் திருத்த வேண்டும். கள்ளச்சாராயச் சாவுகளுக்குக் காரணம் வடித்ததில் முதலில் வந்ததைச் சேர்த்துவிட்டதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். தானியத்திலிருந்து வடிப்பதில் மெத்தனால் மிகக் குறைவு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தது, தொழிற்சாலைகளில் பயன்படும் மெத்தனால் கலந்த சரக்கால். அது உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாகி முதலில் கண்ணைக் குறிவைக்கும். வாசனையிலோ நிறத்திலோ யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

சரி, பெங்களூருக்குப் போவோம். பிருந்தாவனில் ஏறினால் மத்தியானத்துக்குள் போய்விடும் ஊர். அங்கே 1948-ல் ஜே.என். ராதாகிருஷ்ண ராவ் ஜக்தாளே என்பவர் அம்ருத் டிஸ்டிலரீஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அந்த ஆண்டைக் கவனியுங்கள். அதே 1948-ல்தான் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. நம் பக்கத்துக்கு அது புதிதுமில்லை. 1937-ல் ராஜாஜி சேலத்தில் ஆரம்பித்து, 1938-ல் சித்தூர், கடப்பா, 1939-ல் வடஆற்காடு என்று விரிவாக்கினார். திருத்தணி அப்போது சித்தூர் மாவட்டம், நாம் வடஆற்காடு. ஆகவே மலைக்கு மேல் ஒரு வருடம் முன்னாலேயே பூட்டு! எல்லைக்கு இந்தப் பக்கம் கடை மூட, மைசூர் பக்கம் ஒருவர் ஆலை திறக்கிறார்.

அம்ருத் முதலில் பிராந்தி, ரம் என்றுதான் செய்தது. ராணுவ கேன்டீன்களுக்கு ரம் கொடுத்தது. நம் சி பிளாக்கில் ராஜாளி கடற்படைத் தளத்தில் இருந்து ஓய்வுபெற்றவர்கள் சிரிக்கிறார்கள், அவர்களுக்குத் தெரியும். 1980-களில் பார்லி மால்ட் விஸ்கி வடிக்க ஆரம்பித்தார்கள், ஆனால் கலவை விஸ்கியில் சேர்ப்பதற்காக. நம் நாட்டில் விற்கும் மலிவு விஸ்கிகளில் பலவும் கரும்பாலைக் கழிவுப் பாகான மொலாசஸிலிருந்து எடுத்த ஸ்பிரிட்டில் கொஞ்சம் மால்ட்டோ வாசனையோ சேர்த்தவை. ஐரோப்பாவில் அதை விஸ்கி என்று பெயர் போட்டு விற்க முடியாது. தானியத்தில் வடித்து, மரப் பீப்பாயில் குறைந்தது 3 வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம்.

நிறுவனரின் மகன் நீலகண்ட ராவ் ஜக்தாளே காலத்தில்தான் திருப்பம். அவர் மகன் ரக்ஷித் இங்கிலாந்தில் நியூகாஸிலில் எம்.பி.ஏ. படித்தார். இந்திய சிங்கிள் மால்ட்டை பிரிட்டனில் விற்க முடியுமா என்பதையே ஆய்வுத் தலைப்பாக எடுத்தார். சிங்கிள் மால்ட் என்றால் ஒரே ஆலையில், மால்ட் பார்லியில் மட்டும் வடித்தது. 2004 ஆகஸ்டில் கிளாஸ்கோ நகரத்து இந்திய உணவகம் ஒன்றில் அறிமுகம். ஸ்காட்லாந்துக்காரனுக்கே விஸ்கி விற்பது! திருப்பதிக்கே லட்டு கொண்டுபோன கதை. முதல் சில வருடங்கள் கஷ்டம்தான். பிறகு ஜிம் மர்ரே என்ற விமர்சகர் தன் 2010-ஆம் ஆண்டு விஸ்கிக் கையேட்டில் அம்ருத் ஃப்யூஷனுக்கு உலகில் மூன்றாம் இடம் கொடுத்தார். அந்த ஃப்யூஷனில் முக்கால் பங்கு நம் நாட்டு பார்லி, கால் பங்கு புகையூட்டிய ஸ்காட்லாந்து பார்லி. அதன் பிறகுதான் சொந்த ஊரான பெங்களூரிலேயே சிங்கிள் மால்ட் விற்பனைக்கு வந்தது. வெளியூர்க்காரன் பாராட்டினால்தான் நமக்குக் கண் திறக்கும், இதிலும் அப்படியே.

வேதியியல் ஆசிரியனாக என்னை அசத்தியது பீப்பாய்தான். மரம் மூச்சு விடும். உள்ளே இருப்பது வருடாவருடம் ஆவியாகும். ஸ்காட்லாந்தில் இது சுமார் 2 சதவீதம், அதைத் தேவதைகளின் பங்கு என்கிறார்கள். பெங்களூரில் 10 முதல் 12 சதவீதம். நான் ஒரு துண்டுத் தாளில் கணக்குப் போட்டேன். 200 லிட்டர் பீப்பாயில் ஆண்டுக்கு 11 சதவீதம் போனால் நாலு வருடத்தில் மிச்சம் சுமார் 125 லிட்டர், எட்டு வருடத்தில் 79. அங்கே 12 வருடம் வைத்தாலும் 157 லிட்டர் மிஞ்சும். அதனால் இங்கே 12 வருடம், 18 வருடம் என்று வைப்பது கட்டுப்படியாகாது. ஆனால் அதே வெயில் மரத்தின் சத்தையும் வேகமாக இறக்குகிறது. நாலைந்து வருடத்திலேயே பக்குவம் வந்துவிடும். எட்டு வருடம் வைத்துப் பார்த்த சரக்குக்கு அவர்கள் வைத்த பெயரே "பேராசைக்காரத் தேவதைகள்". பெங்களூருக்கே இப்படி என்றால், நம் அரக்கோணத்து மே மாதத்தில் பீப்பாய் வைத்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்போது நான் ஏன் இதைப் படித்தேன் என்று சொல்கிறேன்.

எங்கள் அப்பா இதே ஊரில் ரயில்வேயில் வேலை பார்த்தவர். குடிப்பார். சம்பள நாளில் அம்மா ஸ்டேஷன் வாசலில் நிற்பாள். 52 வயதில் கல்லீரல் பழுதாகிப் போய்ச் சேர்ந்தார். அப்போது என் தங்கைக்கு 14 வயது. அந்தத் தங்கையின் மகனுக்கு, பயோடெக்னாலஜி முடித்தவனுக்கு, சென்ற ஆண்டு கர்நாடகத்தில் ஒரு மால்ட் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. தங்கை சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். "அண்ணா, நீதான் அவனுக்குப் புத்தி சொல்லணும்" என்று அழுதாள். அவன் என்னிடம், "மாமா, ஒரு தடவை என்ன வேலைன்னு படிச்சுட்டு அப்புறம் வேண்டாம்னு சொல்லுங்க" என்றான்.

படித்தேன். நொதியும் ஈஸ்ட்டும் செம்பும் மரமும் எல்லாம் நான் 30 வருடம் கரும்பலகையில் எழுதியவை. அதை ஒருவன் நேர்மையாகச் செய்வதைப் பார்த்தால் மதிப்பு வரத்தான் செய்கிறது. அதே நேரம் ஸ்டேஷன் வாசலில் நின்ற அம்மாவின் முகமும் மறக்கவில்லை. விலை உயர்ந்த பாட்டிலில் இருந்தாலும் கல்லீரலுக்குத் தெரிவது எத்தனால் ஒன்றுதான். இரண்டையும் அவனிடம் சொன்னேன். தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை.

அவன் வேலையில் சேர்ந்துவிட்டான். மாதாமாதம் அம்மாவுக்குப் பணம் அனுப்புகிறான். தங்கை வாங்கிக்கொள்கிறாள். மகன் எங்கே வேலை என்று தெருவில் கேட்டால் மட்டும், "ஏதோ மால்ட் கம்பெனி" என்கிறாள். கேட்பவர்கள் ஹார்லிக்ஸ் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

கேள்வி இருந்தால் கேளுங்கள். புகார் சொன்னவர்கள் முதலில் கேட்கலாம்.