கைவினைப் பொருளும் அதன் விலையும்

மட்டக்களப்பு வாவிக் கரையிலே ஒரு வீட்டு முற்றம். பெண்ணொருத்தி பாய் இழைத்துக்கொண்டிருக்கிறாள். படலையைத் திறந்துகொண்டு வியாபாரி ஒருவர் வருகிறார். முடிந்துவைத்த பாயொன்றை விரித்துப் பார்க்கிறார். ஓரத்தை விரலால் தடவிப் பார்க்கிறார். "என்ன விலை புள்ள?" என்று கேட்கிறார். அவள் தலை நிமிராமலே விடை சொல்கிறாள்: "நீங்க பாத்துத் தாங்க அண்ணன்." காத்தான்குடியாயின் அண்ணன் என்னும் இடத்தில் வேறோர் உறவுச் சொல் வரும். மற்றபடி வாசகம் ஒன்றுதான்.

நேயர்களே, பண்பட்ட வாசகம் அது. வந்தவரை உறவு சொல்லி அழைத்து, அவருடைய நியாய உணர்ச்சியின்மீது நம்பிக்கை வைக்கும் வாசகம். எனினும், மூன்று நாள் உழைப்பின் மதிப்பைத் தீர்மானிக்கும் உரிமையை, அந்த உழைப்பில் ஒரு நாழிகையேனும் பங்கு கொள்ளாத ஒருவரிடம் ஒப்படைத்துவிடுகிறதே! வியாபாரியைக் குறை கூறிப் பயனில்லை. விலை சொல்லுமாறு கேட்கப்பட்டவர் தமக்கு ஏற்ற விலையைத்தான் சொல்லுவார். அந்தப் பெண் ஏன் தானே விலை சொல்லவில்லை என்பதே ஆராயத்தக்கது. கூச்சம் ஒரு காரணம். அதனினும் பெரிய காரணம், அந்தப் பாய்க்கு என்ன அடக்கமாயிற்று என்பது அவளுக்கே தெரியாது என்பதாகும்.

வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. அதன் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும், மேற்குக் கரையை படுவான்கரை என்றும் அப்பகுதி மக்கள் அழைப்பார்கள். நெல்லும் மீனும் இவ்விரு கரைகளுக்கும் முதன்மையான வாழ்வு. அவற்றுக்கு அடுத்தபடியாகக் கைத்தொழில்கள் நிற்கின்றன. ஈர நிலத்தில் விளையும் பன்னை வெட்டி, உலர்த்தி, சாயம் தோய்த்து இழைக்கும் பாய். பனையோலையில் பின்னும் பெட்டி, சுளகு, கடகம். ஆரையம்பதி, காத்தான்குடி, இன்னும் தெற்கே அம்பாறை மாவட்டத்து மருதமுனை ஆகிய ஊர்களின் கைத்தறித் துணிகள். இவற்றின் அழகைப் பற்றிப் பேசியவர் பலர். விலையைப் பற்றிப் பேசியவர் சிலரே.

பாயிலிருந்தே தொடங்குவோம். பன்னுக்கு என்ன செலவாயிற்று என்று அந்தப் பெண்ணைக் கேட்டால், "அதுக்கென்ன காசு? நான்தானே வெட்டினேன்" என்பாள். இந்த விடையில்தான் பிழை ஒளிந்துகொண்டிருக்கிறது. எடுத்துக்காட்டுக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். ஒரு கட்டுப் பன் 600 ரூபாய்க்கு விலைபோகும். பாயொன்றுக்கு இரண்டு கட்டு வேண்டும். சாயத்துக்கும் விறகுக்கும் 200 ரூபாய். முடிந்த பாயை வியாபாரி 1500 ரூபாய்க்கு எடுத்துச் செல்கிறார். கைவிட்டுப் போனது 200 ரூபாய்தான். ஆகவே 1300 ரூபாய் இலாபம் என்று அவள் மகிழ்கிறாள்.

ஆனால் அவள் பாயே இழைக்காமல், வெட்டிய பன்னை அப்படியே அயல்வீட்டுக்கு விற்றிருந்தால் 1200 ரூபாய் கிடைத்திருக்கும். சாயச் செலவும் இல்லை. மூன்று நாள் முதுகு வளைந்து உட்கார்ந்திருக்கவும் வேண்டியதில்லை. அப்படியானால் பாய் இழைத்ததற்காக அவள் பெற்ற கூலி எவ்வளவு? 1300 ரூபாயில் 1200 ரூபாய் பன்னுக்கு உரியது. எஞ்சிய 100 ரூபாய்தான் மூன்று நாள் கைவினைக்குக் கிடைத்த ஊதியம். பன் வெட்டுகிறவளாக அவள் நன்றாகவே சம்பாதித்தாள். பாய் இழைக்கிறவளாக ஏறக்குறையத் தருமத்துக்கு உழைத்தாள். இரண்டு தொழிலையும் ஒரே கை செய்தபடியால், ஒன்றின் வருமானம் மற்றதன் நட்டத்தை மூடி மறைத்துவிட்டது.

தானே தேடிக்கொண்ட பொருளுக்கு விலையில்லை என்னும் இம்மயக்கம் வாவிக்கரைப் பெண்களுக்கு மட்டும் உரியதன்று. இன்று இளைஞர் கணினியில் விளையாடும் இணைய விளையாட்டுகளிலும் இதைக் காணலாம். ஐசுலாந்து நாட்டு நிறுவனமொன்று 2003 இல் வெளியிட்ட 'ஈவ் ஆன்லைன்' என்னும் விளையாட்டு இதற்குப் பேர்போனது. விண்வெளியில் கனிமம் அகழ்ந்து, அதைக் கொண்டு கப்பல் கட்டிச் சந்தையில் விற்பது அதில் ஒரு தொழில். அங்கே நடமாடும் பண்டங்களில் மிகப் பலவற்றின் விலையை விளையாடுவோரே நிருணயிக்கின்றனர். அந்தச் சந்தை எவ்வளவு சிக்கலாக வளர்ந்தது என்றால், அதை ஆராய்வதற்கென்றே 2007 இல் அந்நிறுவனம் பொருளியலறிஞர் ஒருவரை அமர்த்தியது. அவர் பெயர் எயோல்ஃபுர் குட்முண்ட்சன். பிற்காலத்தில் பல்கலைக்கழகமொன்றின் தலைவராகவும் விளங்கியவர். அந்த விளையாட்டுக்குப் புதிதாக வருகிறவர் முதலில் சொல்லும் வாசகம், "கனிமத்தை நானே அகழ்ந்தேன், எனக்கு அது இனாம்" என்பது. கனிமத்தை விற்றாலே கிடைக்கக்கூடிய தொகைக்கும் குறைவாக அவர் கப்பலை விற்றுவிட்டு, வென்றதாக நினைப்பார். பழகிய ஆட்டக்காரர் அவருடைய கப்பலை வாங்கி உடைத்து, கனிமத்தை விற்றே இலாபம் கண்ட காலமும் உண்டு. விளையாட்டில் ஏமாந்தவன் கணினியை அணைத்துவிட்டு உறங்கலாம். பாய் இழைக்கிறவளுக்கு அணைத்து வைக்க ஒன்றுமில்லை.

இந்தக் கணக்கினால் கெடுகிறவள் அவள் மட்டுமல்லள். அயலிலே வயதான தாயொருத்தி இருக்கிறாள். சேற்றில் இறங்கிப் பன் வெட்ட இயலாதபடியால் விலைக்கு வாங்கி இழைக்கிறாள். அவளுக்கு 1500 ரூபாய்ப் பாய் கட்டாது. ஆனால் சந்தை விலையை முதற்பெண் தீர்மானித்துவிட்டாள். எனவே அந்தத் தாய் தொழிலை விட நேர்கிறது. ஒரு காலத்தில் முதற்பெண்ணுக்கும் வயது ஏறும். பன் நிலம் தூர்ந்துபோகவும் கூடும். அன்று அவள் விலைக்குப் பன் வாங்கப் புகும்போது, தான் தாழ்த்திய விலையே தன் எதிரே வந்து நிற்கக் காண்பாள்.

இனி உழைப்பின் விலை. இங்கே ஒரு நேர்மையான மறுப்புக்கு விடை கூற வேண்டும். "அடுப்பில் உலை வைத்துவிட்டு, பிள்ளையைப் பார்த்துக்கொண்டே இழைக்கிற பாய்தானே! அந்த நேரத்தை வேறு யாரிடம் விற்க முடியும்?" என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. வயலிலே முழுநாள் நிற்கும் கூலியை அப்படியே இதற்கும் கணக்கிட முடியாது. பொருளியல் நூலை மட்டும் பார்த்துப் பேசுகிறவர், விற்க இயலாத நேரத்துக்கு விலையே இல்லை என்றுகூடச் சொல்லிவிடுவார். ஆனால் அதே முற்றத்தில் இன்னொருத்தி உட்கார்ந்திருக்கிறாள், அவள் மகள். அவளுடைய நேரத்தை விற்க இடமுண்டு. ஆடைத் தொழிற்சாலை அழைக்கிறது. மத்திய கிழக்கு நாடுகளின் வீடுகள் அழைக்கின்றன. தாய் மூன்று நாளில் பெற்ற 100 ரூபாயை அவள் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பாய் இழைக்கும் கலை அழிகிறதே என்று மேடைகளில் வருந்துகிறோம். அந்தப் பெண் கலையை வெறுத்துப் போகவில்லை. கணக்குப் பார்த்துப் போகிறாள். ஆகவே தாயின் நேரம் விற்க முடியாததாயினும், மகள் ஏற்கக்கூடிய கூலியை விலையிலே சேர்த்துத்தான் ஆகவேண்டும்.

கைத்தறியில் நிலைமை வேறு. அங்கே நூல் இனாம் என்று எவரும் சொல்வதில்லை. நூல் விலைக்குத்தான் வருகிறது. ஆனால் எந்த நாளின் விலை என்பதில் வழுக்கல் நேர்கிறது. 1960களிலும் 1970களின் முற்பகுதியிலும் வெளிநாட்டுத் துணிக்குக் கட்டுப்பாடு இருந்தபோது இலங்கைக் கைத்தறி செழித்தது. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் மலிவான துணி வந்து குவிந்தது. நாடெங்கும் ஆயிரக்கணக்கான தறிகள் ஓய்ந்தன. 2004 ஆம் ஆண்டு திசெம்பர் மாதத்துக் கடற்கோள் மருதமுனையைச் சூறையாடியது. இவற்றையெல்லாம் கடந்து நின்ற தறிகளுக்கு 2022 இல் வேறுவகைச் சோதனை வந்தது. அவ்வாண்டு மார்ச்சு மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதத்தில் ஏறத்தாழ 360 ரூபாயை எட்டியது. இறக்குமதிப் பொருள் எதுவாயினும் அந்த ஏற்றத்துக்குத் தப்பவில்லை. நூலும் சாயமும் எப்படித் தப்பும்?

அத்தகைய வேளையில் ஒரு நெசவாளரிடம் பழைய விலைக்கு வாங்கிய நூல் இருக்கிறது. அதில் சாரம் நெய்கிறார். "நான் வாங்கிய விலை இது, கூலி இவ்வளவு, அதற்குமேல் கேட்பது பாவம்" என்று பழைய கணக்கிலேயே விற்கிறார். அவருடைய மனச்சாட்சி போற்றத்தக்கது. ஆனால் விற்ற காசை எடுத்துக்கொண்டு நூல் கடைக்குப் போனால், பத்துச் சாரம் விற்ற பணத்தில் நூலுக்கு உரிய பங்கைக் கொண்டு ஆறு சாரத்துக்கு உரிய நூல்கூடக் கிடைக்காது. அவர் இலாபம் குறைத்து விற்கவில்லை. தறியின் முதலையே சாரத்தோடு மடித்துக் கொடுத்துவிட்டார். நூலின் விலை என்பது அதை வாங்கிய நாளின் விலையன்று. அதே நூலை மீண்டும் வாங்கப் போகிற நாளின் விலை. நூல் மலிந்தால் இதே நியாயப்படி சாரத்தின் விலையும் இறங்க வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஏற்றத்துக்கு ஒரு கணக்கும் இறக்கத்துக்கு ஒரு கணக்கும் வைத்திருப்பவரை வாடிக்கையாளர் எளிதில் மன்னிப்பதில்லை.

விலையைக் கெடுக்கும் மற்றொன்று, பக்கத்து வீட்டுக்காரியைவிட ஐம்பது ரூபாய் குறைத்துச் சொல்வது. மறுநாள் அவளும் ஐம்பது குறைப்பாள். மேற்சொன்ன விளையாட்டிலும் இதே நோய் இருந்தது. சந்தைப் பட்டியலில் முதலிடம் பிடிப்பதற்காக ஒரு சதத்திலும் ஒரு சதம் குறைத்து, நாள் முழுவதும் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டிருந்தார்கள். 2020 இல் நிறுவனமே அவ்வளவு சிறிய குறைப்புக்கு இடமில்லாமல் விதியை மாற்றியது. கிராமத்துக்கு அப்படி விதி செய்ய எவரும் வரமாட்டார். அங்கே விலைக் குறைப்புக்குப் பெரும்பாலும் பேராசை காரணமன்று, கடன் காரணம். நுண்கடன் தவணைக்குக் காசு வாங்க வருகிறவர் குறித்த கிழமையில் வாசலில் நிற்பார். அதற்கு முந்திய நாள் மாலையிலே பாயின் விலை தானாகவே இறங்கிவிடும். இதை நன்கறிந்த வியாபாரியும் அந்த மாலையில்தான் வருவார். பாய்க்குப் பாய் கணக்கு எழுதினாலும் தவணை நாளுக்கு அது தடுப்பாகாது. நாலைந்து பெண்கள் சேர்ந்து சிறு தொகை சேமித்து, தவணை முட்டுகிற ஒருத்திக்கு ஒரு வாரம் கைமாற்றுக் கொடுத்து, அவளுடைய பாயை நல்ல விலை வரும்வரை வைத்திருக்கச் செய்வதே அதற்குரிய மருந்து. ஊருக்கு ஊர் சங்கங்கள் இருக்கின்றன. இந்த ஒரு காரியத்தைச் செய்கிற சங்கம் எத்தனை?

கொழும்புக் கடையிலே தன் பாய் இரண்டு மடங்கு விலைக்குத் தொங்குவதைக் காணும் பெண் வயிறெரிவது இயல்பு. ஆயினும் கடை வாடகை, லொறிச் செலவு, விற்காமல் பழுதாகும் சரக்கு ஆகியவற்றைக் கடைக்காரர் தாங்குகிறார். அந்த வேறுபாடு முழுவதையும் கொள்ளை என்பது சரியன்று. பாசிக்குடாவுக்கு வரும் பயணிக்கு நேரே விற்கும்போது, கடைக்காரருக்குக் கொடுத்த விலையையே சொல்வதுதான் தவறு. அங்கே கடைக்காரரின் வேலையையும் அவளே செய்கிறாள். அதற்குரிய பங்கையும் சேர்த்தே கேட்க வேண்டும். இல்லாவிடில் அந்தப் பயணியே ஊர் திரும்பும் வழியில் கடை விலையைப் பார்த்து, கடைக்காரரோடு சண்டையிடுவார். அடுத்த முறை கடைக்காரர் அவளிடம் பாய் எடுக்கமாட்டார்.

இவ்வளவும் கூட்டிச் சொன்ன விலைக்கு ஆள் கிடைக்காவிட்டால் என் செய்வது? பன் 1200, சாயமும் விறகும் 200, மூன்று நாள் கூலி எவ்வளவு குறைத்துப் போட்டாலும் 1800. ஆக 3200 ரூபாய். பிளாத்திக்குப் பாயை மலிவாக வாங்கப் பழகிய வீடு அதைக் கொடுக்காது என்பது உண்மையே. அப்பொழுது விலையைக் குறைப்பதற்கு முன் பொருளை மாற்றிப் பார்க்கலாம். ஆளுயரப் பாய்க்கு வேண்டிய பன்னில் தொழுகைப் பாய் இரண்டோ, மேசை விரிப்பு பலவோ, கைப்பைகளோ செய்யலாம். எதிலே ஒரு நாள் உழைப்புக்கு அதிகம் மிஞ்சுகிறது என்பதை ஒரு கொப்பியில் எழுதிப் பார்த்தால் இரண்டு மாதத்தில் தெரிந்துவிடும். அந்தக் கொப்பியை எழுதும் வேலையை, பள்ளிக்கூடத்தில் இலாப நட்டக் கணக்குப் படிக்கிற மகளிடமே கொடுக்கலாம். பன் எத்தனை கட்டு, சாயம் எவ்வளவு, எத்தனை நாள், என்ன விலைக்குப் போயிற்று என்று நான்கு நிரல் போதும். பன்னின் நிரலில் மட்டும் ஒருபோதும் சைபர் போடக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவைக்க வேண்டும்.