இருசமவெட்டி



பள்ளியிலிருந்து திரும்பும் சிறுவன் ஒரு சொல்லை வீட்டுக்குக் கொண்டுவருகிறான். தில்லியிலாயின் அது ‘சமத்விபாஜக்’. மும்பையில் மராத்தி வழியே பயில்பவனாயின் ‘துபாஜக்’. ஆங்கிலப் பள்ளியாயின், எந்த ஊரானாலும், ‘பைசெக்டர்’. “இதற்குத் தமிழில் என்னம்மா?” என்று அவன் கேட்கும்பொழுது வெளிமாநிலங்களில் வாழும் நம்மிற் பலர் சற்றே விழிக்கிறோம். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் வழங்கும் சொல் ‘இருசமவெட்டி’ என்பது.

கேட்டவுடன் குழந்தைகள் நகைப்பார்கள். வெட்டிப்பேச்சு, வெட்டிவேலை என்பனவே அவர்கள் காதுக்குப் பழகியவை. ஆனால் பாக்குவெட்டி, மண்வெட்டி, நகவெட்டி என்பனவற்றில் உள்ள வெட்டிதான் இது. வெட்டுகின்ற கருவியின் பெயர். இருசமவெட்டியும் ஒரு கருவியே. அது இரும்பாலன்றிக் கோட்டால் ஆனது.

இச்சொல்லில் மூன்று உறுப்புகள் உள்ளன. இரண்டு என்பது ஒன்று. சமம் என்பது ஒன்று. வெட்டுதல் என்பது ஒன்று. ஆங்கிலச் சொல்லுக்கு மூலமான இலத்தீனில் இரண்டும் வெட்டுதலும் உண்டு, சமம் இல்லை. மராத்திச் சொல்லிலும் அவ்வாறே. அதனால்தான் மும்பைச் சாலைகளின் நடுவே எழுப்பப்படும் தடுப்புச் சுவருக்கும் அங்கே துபாஜக் என்றே பெயர். அது சாலையைச் சமமாகத்தான் பிரிக்க வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. மலையாளத்தார் ‘சமபாஜி’ என்பார்கள். அதில் சமம் உண்டு, இரண்டு இல்லை. இந்திச் சொல்லைப்போலவே நம் சொல்லும் மூன்றையும் வெளிப்படச் சொல்லிவிடுகிறது.

அங்ஙனமாயினும், எதைச் சமமாக வெட்டுவது என்பதைச் சொல் தானே சொல்லாது. கோணத்தின் இருசமவெட்டி என்றோ, கோட்டுத்துண்டின் இருசமவெட்டி என்றோ நாம்தான் சேர்த்துச் சொல்லவேண்டும். இதை விட்டுவிட்டால் என்ன நேரும் என்பதைக் கரும்பலகையை விட்டு இறங்கி, ஊர் நிலத்தில் பார்ப்போம்.

உடன்பிறந்தார் இருவர். ஒருவர் ஊரில், மற்றவர் பிழைப்பின் பொருட்டு வெகுதொலைவில். பங்கிட வேண்டியது முக்கோண வடிவான ஒரு மனை. அதன் ஒரு மூலையிலிருந்து புறப்படும் இரண்டு பக்கங்கள் 120 அடி, 80 அடி. எதிர்ப்பக்கம் 100 அடி. மொத்தப் பரப்பு ஏறத்தாழ 3,969 சதுர அடி, அதாவது 9 சென்ட்டுக்குச் சற்று மேல். “அந்த மூலையிலிருந்து சரிபாதியாகப் பிரித்துக்கொள்வது” என்று பத்திரத்தில் எழுதி, தொலைவில் உள்ளவருக்குக் கையெழுத்துக்காக அனுப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சரிபாதி என்ற சொல்லைக் கண்டு அவரும் மனநிறைவோடு கையெழுத்திடக்கூடும்.

இதை நீங்களே சோதிக்கலாம். ஒரு தாளில் 12, 8, 10 சென்டிமீட்டர் பக்கங்கள் உள்ள முக்கோணத்தை வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். நம் மனையின் படம் அதுதான். அம்மூலையில் கூடும் இரண்டு விளிம்புகளும் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு மடியுங்கள். மடிப்புக் கோடே அக்கோணத்தின் இருசமவெட்டி. விளிம்புகள் படிந்தன; ஆனால் நீண்ட விளிம்பு 4 சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தாளை விரித்துப் பாருங்கள். எதிர்ப்பக்கத்தை மடிப்பு நடுவில் தொடவில்லை. 6 சென்டிமீட்டரும் 4 சென்டிமீட்டருமாக வெட்டியிருக்கும். 12க்கு 8 எவ்வாறோ, 6க்கு 4 அவ்வாறு. இந்த உண்மையை யூக்ளிட் தம் நூலின் 6ஆம் புத்தகத்தில் 3ஆம் தேற்றமாக வைத்தார்.

பரப்பும் அதே விகிதத்தில்தான் பிரியும். காரணம் எளிது. கோண இருசமவெட்டியின்மேல் உள்ள எந்தப் புள்ளியும் இரு பக்கங்களிலிருந்தும் ஒரே தொலைவில் இருக்கும். ஆகவே 120 அடியை அடியாகக் கொண்ட துண்டுக்கும் 80 அடியை அடியாகக் கொண்ட துண்டுக்கும் உயரம் ஒன்றே, அடிதான் வேறு. ஒருவருக்குச் சுமார் 2,381 சதுர அடி. மற்றவருக்குச் சுமார் 1,588. வேற்றுமை 1.8 சென்ட். கோணத்தைச் சமமாக வெட்டிய கோடு நிலத்தைச் சமமாக வெட்டவில்லை.

நிலத்தைச் சமமாக்க வேண்டுமாயின் எதிர்ப்பக்கத்தை 50 அடியில் அளந்து, அப்புள்ளிக்கு மூலையிலிருந்து கோடு இழுக்க வேண்டும். இதற்குப் பெயர் நடுக்கோடு. இரண்டு துண்டுகளுக்கும் அடியும் ஒன்று, உயரமும் ஒன்று. ஆதலின் பரப்பும் ஒன்றே. இக்கோடு கோணத்தைச் சமமாக வெட்டாது. அதைப்பற்றிப் பங்காளிகளுக்குக் கவலையும் இல்லை. சாலை எந்தப் பக்கம், கிணறு யார் பங்கில் என்பன வேறு வழக்குகள். அவற்றிற்கு வடிவகணிதம் பொறுப்பன்று.

இவ்விரு கோடுகளையும் மாணவர் குழப்பிக்கொள்வதற்கு ஆசிரியர்களும் ஒருவகையிற் காரணம் என்பேன். கரும்பலகையில் முக்கோணம் வரையும் கை தன்னையறியாமல் இரு பக்கங்களையும் ஒத்த நீளமாகவே வரைந்துவிடுகிறது. இருசமபக்க முக்கோணத்தின் உச்சியில் கோண இருசமவெட்டியும் நடுக்கோடும் ஒரே கோடாய் அமைந்துவிடும். பிள்ளை இரண்டையும் ஒன்றென்றே எண்ணி வளர்கிறான்.

கோட்டுத்துண்டுக்கு உரியதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு துண்டை அதன் நடுவில் செங்குத்தாக வெட்டும் கோட்டை மையக்குத்துக்கோடு என்று பாடநூல்கள் வழங்குகின்றன. அதன்மேல் எங்கு நின்றாலும் துண்டின் இரு முனைகளும் சம தொலைவில் இருக்கும். இரண்டு வீட்டாருக்கும் பொதுவாக ஒரு கிணறு தோண்ட இடம் தேடுவோர்க்கு வேண்டிய கோடு இதுவே.

ஆகவே, பிள்ளை அடுத்த முறை கேட்கும்பொழுது சொல்லோடு அந்த 12, 8, 10 தாளையும் அவன் கையில் கொடுங்கள். முதலில் விளிம்போடு விளிம்பு சேர மடிக்கட்டும். பிறகு தாளை விரித்து, எதிர்ப்பக்கத்தின் இரு முனைகளையும் சேர்த்து மெல்லக் கிள்ளி நடுவைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து மூலைக்கு ஒரு கோடு வரையட்டும். மடிப்பும் கோடும் மூலையில் ஒன்றாய்ப் புறப்பட்டு, எதிர்ப்பக்கத்தை அடையும்பொழுது ஒரு சென்டிமீட்டர் விலகி நிற்பதை அவனே அளந்து சொல்வான்.