ஊர்ப் பாதுகாப்பும் பொதுச் சுகாதாரமும்
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

கல்விக் கழகத்தின் விழாவில் சாக்கடையையும் தெருவிளக்கையும் பற்றிப் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். பேசியே தீரவேண்டும் என்பது எமது எண்ணம். வயிற்றுப்போக்கால் படுத்துவிட்ட பிள்ளைக்கு நாம் வழங்கும் நோட்டுப் புத்தகம் பயன்படாது. இருட்டுத் தெருவுக்கு அஞ்சிப் படிப்பை நிறுத்திய பெண்ணுக்கு நாம் தரும் உதவித்தொகை போதாது.

பாதுகாப்பு என்றால் காவல் நிலையம், சுகாதாரம் என்றால் மருத்துவமனை என இவ்விரண்டையும் தனித்தனியே காண்பது அரசாங்கத்தாரின் வழக்கம். சேரியில் வாழ்வோர்க்கு இவை இரண்டும் ஒன்றே. கழிப்பறை இல்லாத வீட்டுப் பெண் பொழுது சாயும்வரை அடக்கிக்கொண்டிருக்கிறாள். அதனால் நோய் வருகிறது. பொழுது சாய்ந்தபின் தனியே ஒதுக்குப்புறம் செல்கிறாள். அதனால் ஆபத்து வருகிறது. கழிப்பறை ஒன்று அமைந்தால் இரண்டும் நீங்கும். ஓசூர் ஆலைகளில் பணி முடித்து இரவில் பேருந்திலிருந்து இறங்கும் நம் பெண்களுக்குத் தெருவிளக்கே முதற் காவலர்.

நம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். 1924-ஆம் ஆண்டு சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள், பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அலுவலகம் ஆகியவை எல்லா வகுப்பாருக்கும் உரியவை என்னும் தீர்மானத்தைக் கொண்டுவந்து நிறைவேற்றச் செய்தார். கிணற்று நீர் என்பது சுகாதாரம். அச்சமின்றித் தெருவில் நடப்பது பாதுகாப்பு. இரண்டையும் ஒரே தீர்மானத்தில் வைத்தார் அப்பெருந்தகை.

உரிமையைப் பெற்றுத் தந்தவர் அவர். அவ்வுரிமையை ஊர் அளவில் நடைமுறைப்படுத்த முயன்ற ஒருவரைப் பற்றி இன்று சிறிது விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கம் ஊராட்சியின் தலைவராக 1996-ஆம் ஆண்டு தேர்ந்தெடுக்கப்பட்ட இளங்கோ அவர்களே அவர். தாழ்த்தப்பட்ட குடும்பத்தில் பிறந்து, வேதிப் பொறியியல் பயின்று, மைய அரசின் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றி, அவ்வேலையை விட்டு ஊருக்குத் திரும்பியவர்.

அக்காலத்தில் அவ்வூரில் கள்ளச்சாராயமும், குடித்துவிட்டு மனைவியரை அடிக்கும் கொடுமையும், சாதிப் பூசலும் மிகுந்திருந்தன. இவற்றைக் காவல்துறையின் தடியால் மட்டும் ஒழித்துவிட முடியாது என்பது இளங்கோவின் கருத்து. பிழைக்கும் வழி இல்லாத இடத்தில் சாராயம் காய்ச்சுவதே தொழிலாகிறது. ஆகவே வேலையைக் கொண்டுவந்தால்தான் சாராயம் வெளியேறும் என்றார். குடிநீர், வடிகால், வீடு ஆகிய பணிகளில் ஊர் மக்களின் உழைப்பையே பயன்படுத்தினார்.

வடிகால் கட்டக் கருங்கல் மெருகேற்றும் ஆலைகளில் எஞ்சிய கழிவுக் கற்களைப் பயன்படுத்திச் செலவைக் குறைத்தார். விதிப்படி நடக்கவில்லை என்று அவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டதும், பின்னர் மீண்டும் அமர்த்தப்பட்டதும் உண்டு. 2001-ஆம் ஆண்டுத் தேர்தலில் மக்கள் மறுபடியும் அவரையே தேர்ந்தெடுத்தனர். கருங்கல்லுக்குப் பெயர்பெற்ற கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வாழும் நாம் இச்செய்தியை மனத்திற் கொள்ளவேண்டும்.

அவருடைய பணிகளுள் யாம் மிகவும் மதிப்பது வேறொன்று. சமத்துவபுரம் திட்டத்தின்கீழ் அங்கு ஐம்பது இரட்டை வீடுகள் எழுந்தன. ஒரு பாதியில் ஆதிதிராவிடர் குடும்பம். மறு பாதியில் பிற வகுப்புக் குடும்பம். நடுவே இருவர்க்கும் பொதுவாக ஒரே சுவர். ஊரின் சாக்கடை கடைசியில் சேரியில் வந்து தேங்குவது எதனால்? சேரி ஊருக்கு வெளியே இருப்பதனால். சுவர் பொதுவானால் சாக்கடையும் பொதுவாகும். அதனைத் துப்புரவாக வைக்கும் கவலையும் இருவர்க்கும் பொதுவாகும்.

இங்கே ஓர் ஐயம் எழுகிறது. அதனை மறைக்க யாம் விரும்பவில்லை. ஊருக்கு அதிகாரம் தருவது நமக்குப் பாதுகாப்பா, ஆபத்தா? 1948 நவம்பர் 4-ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர், கிராமத்தைப் புகழ்வோரைக் கடுமையாக மறுத்து, அது அறியாமைக்கும் குறுகிய மனப்பான்மைக்கும் உறைவிடம் என எச்சரித்தார். அவ்வெச்சரிக்கை பொய்க்கவில்லை. மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் சென்றோரும் 1997 ஜூன் 30 அன்று ஓடும் பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டனர். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில் ஒதுக்கப்பட்ட தலைவர் பதவியில் ஒருவரும் நிலைத்து அமரவிடாமல் பத்தாண்டுகள் தடுத்தனர். 2006-இல்தான் அங்கு முறையான தேர்தல் நடந்தது.

ஆகவே ஊரை நம்பிவிடுங்கள் என்று யாம் கூறவில்லை. ஊரின் முடிவுகள் எடுக்கப்படும் இடத்தை விட்டு விலகி நிற்காதீர்கள் என்றே கூறுகிறோம். நாம் இல்லாத அவையில் நம் தெருவுக்கு விளக்கு வராது.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. அரசியலமைப்பின் பதினோராவது அட்டவணை ஊராட்சிகளுக்குரியதாக வகுத்த 29 பொருள்களுள் குடிநீரும் சுகாதாரமும் உள்ளன. 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், தெருவிளக்கு, வடிகால், துப்புரவு, கிணறு, இடுகாடு ஆகியவற்றை ஊராட்சியின் கடமையாக்கியுள்ளது. கடமையைக் கேட்டுப் பெறுவோர் கை கூப்பி நிற்கத் தேவையில்லை.

நம் பகுதியில் கேட்கவேண்டியவை பல. இம்மாவட்டத்தின் நிலத்தடி நீரில் பல இடங்களில் புளோரைடு மிகுதி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை படியும்; பல்லாண்டு பருகினால் எலும்பும் மூட்டும் கெடும். காய்ச்சினாலும் இது நீங்காது. இதன்பொருட்டே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. அக்காவிரி நீர் நம் தெருக் குழாயின் கடைசி வீடுவரை வருகிறதா? மேல்நிலைத் தொட்டியை எந்நாளில் கழுவினார்கள்? நீர் முறையாக வராத தெருவில் குடத்திலும் தொட்டியிலும் சேர்த்து வைக்கிறோம். அந்நல்ல நீரில்தான் டெங்குக் கொசு முட்டையிடுகிறது. வாரம் ஒருமுறை தொட்டியைத் தேய்த்துக் கழுவுவது நம் கடமை. நீரை ஒழுங்காக விடுவது ஊராட்சியின் கடமை.

இக்கேள்விகளைக் கேட்பதற்குரிய இடம் கிராம சபை. சனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் அது கூடவேண்டும். கிருஷ்ணகிரி உட்படப் பல மாவட்டங்களில் ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2025 சனவரியில் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் சென்றது. மன்றத்தின் காலம் முடியலாம். கிராம சபைக்கு முடிவு கிடையாது. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினரே.

இறுதியாக ஒரு வேண்டுகோள். இக்கழகத்தின் உதவியால் படித்தவர்கள் ஓசூரிலும் பெங்களூரிலும் நல்ல நிலையில் இருக்கிறார்கள். மகிழ்கிறோம். ஆனால் படித்தவர் வெளியேற, படிக்காத தாய்மார்கள் மட்டும் கிராம சபையில் பின்வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பினால், நம் இருபத்தைந்து ஆண்டு உழைப்பு பாதி வழியில் நின்றதாகும். பொறியாளர் இளங்கோவைப் போல் வேலையை விட்டு வாருங்கள் என்று யாம் கேட்கவில்லை. ஆண்டில் அந்த ஆறு நாள் வாருங்கள். நம் தாய்மார்களின் அருகில் நின்று, கோரிக்கையை எழுதிக் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் அது பதிவானதைப் படித்துப் பார்த்துக் கையொப்பமிடுங்கள். படித்துப் பார்த்துக் கையொப்பமிடும் அக்கைகளுக்காகவே இக்கழகம் தோன்றியது.